ஒன்பது வயது வாரிசுகள்: நாவலைப் படிப்பதா, தொடரைப் பார்ப்பதா?

2024இல் வந்த ‘டூன்’ அறிவியல் புனைகதைத் திரைப்படத்தின் இரண்டாம் பாகத்தைப் பார்த்த நாளிலிருந்து, பட்டர்வொர்த்தில் இருக்கும் என் அக்காள் மகனுக்கு ஒரே கேள்விதான். “மாமா, அடுத்து நாயகன் பாலின் பிள்ளைகளைப் பற்றிய கதை வருகிறதாமே. புத்தகமாகப் படிக்கட்டுமா? பழைய தொடர் ஒன்று இருக்கிறதாம், அதைப் பார்த்துவிட்டால் போதுமா?”

சில ஆண்டுகளுக்கு முன் நானும் இதே இடத்தில் நின்றேன். பினாங்கின் சௌராஸ்தா சந்தை மாடியில் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன. கீழே ஜாதிக்காய் ஊறலின் வாசனை, மேலே மஞ்சளேறிய காகிதத்தின் வாசனை. அங்கே ‘சில்ட்ரன் ஆஃப் டூன்’ கிடைத்ததால் முதலில் நாவலைப் படித்தேன், பிறகு தொடரைப் பார்த்தேன். இப்போது கேட்டாலும் அதே வரிசையைத்தான் சொல்வேன்.

ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் நாவல் 1976இல் வந்தது, ‘டூன்’ நாவல் வரிசையில் மூன்றாவது. அதே பெயரிலான தொலைக்காட்சித் தொடர் 2003இல் மூன்று பகுதிகளாக ஒளிபரப்பானது. அதன் முதல் பகுதி, 1969இல் வந்த இரண்டாம் நாவலான ‘டூன் மெசையா’வைச் சொல்லி முடிக்கிறது. ஏறத்தாழ நாலரை மணி நேரத்தில் இரண்டு நாவல்களின் கதையும் கைக்கு வந்துவிடும். நேரம் இல்லாதவர்களுக்குத் தொடர் வசதி என்பதில் விவாதமே இல்லை.

என் முடிவுக்குக் காரணம் வேறு: பிள்ளைகளின் வயது.

நாவலில் லீட்டோ, கனிமா என்ற இரட்டையருக்கு வயது ஒன்பது. கருவில் இருந்தபோதே தாய் சானி உண்ட மசாலாவின் (கதையில் வரும், மனத்தை விரிக்கும் ஒரு போதைப்பொருள்) விளைவாக, முன்னோர் அத்தனை பேரின் நினைவுகளோடும் பிறந்தவர்கள். பாட்டி ஜெசிகா பல ஆண்டுகள் கழித்து கதை நடக்கும் பாலைவனக் கோளான அராக்கிஸுக்குத் திரும்பி வந்து இவர்களைப் பார்க்கும்போது, குழந்தைகளின் கண்களில் கிழவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். பேரனை மடியில் வைத்துக் கொஞ்சுவதா, எதிரியாக எடைபோடுவதா என்று அவளுக்கே தெரியவில்லை. தொடரிலோ இரட்டையர் வளர்ந்த இளைஞர்கள். லீட்டோவாக வரும் ஜேம்ஸ் மெக்கவாய் நன்றாகவே நடித்திருக்கிறார். ஆனால் ஓர் இளவரசன் அரசியல் பேசுவதில் என்ன வியப்பு இருக்கிறது? அது நாம் எத்தனையோ அரசகுலக் கதைகளில் கண்டதுதான். பால்பல் விழும் வயதில் ஒரு சிறுவன் பேரரசின் அடுத்த சில ஆயிரம் ஆண்டுகளைக் கணக்குப் போடும்போதுதான் முதுகுத்தண்டு சில்லிடுகிறது. மூன்று வயது ஞானசம்பந்தர் பாடினார் என்பதைக் கேட்டு வளர்ந்த நமக்கு, இதை ஏற்பது கடினமே இல்லை.

நாவலில் ஓர் இடத்தை மட்டும் சொல்கிறேன். இரட்டையர் இருவரும் ஒரு விளையாட்டு விளையாடுகிறார்கள். லீட்டோ தன்னுள் இருக்கும் தந்தையைப் பேச விடுகிறான், கனிமா தன்னுள் இருக்கும் தாயை. இறந்துபோன சானி, மகளின் வாய்வழியே கணவனோடு பேசுகிறாள். பேசியவளுக்குத் திரும்பிப் போக மனமில்லை. மகளின் உடலிலேயே தங்கிவிடப் பார்க்கிறாள். இரண்டு பக்கம் படித்ததும் புத்தகத்தை மூடிவைத்து எழுந்து நடந்தேன். பேசுகிறவள் ஒன்பது வயதுச் சிறுமி என்பதால்தான் அந்த இடம் தாங்க முடியாததாகிறது. வயதைக் கூட்டினால் அது வெறும் ஆவி பிடித்த காட்சியாகச் சுருங்கிவிடும்.

இரட்டையரின் அத்தை, பாலின் தங்கை அலியாவின் வீழ்ச்சியும் இந்த ஒப்பீட்டில்தான் விளங்குகிறது. அவளும் அப்படிப் பிறந்தவள். முதல் நாவலில், சின்னஞ்சிறு குழந்தையாக இருக்கும்போதே தாத்தா ஹார்க்கோனனைக் கொன்றவள். (திரைப்படத்தில் அவள் இன்னும் பிறக்கவே இல்லை, கருவிலிருந்துதான் பேசுகிறாள்.) அதே தாத்தாதான் பின்னாளில் அவளுக்குள் குரலாக எழுந்து அவளை ஆள்கிறான். எனக்கு அபிமன்யுவின் நினைவு வந்தது. கருவிலேயே வியூகத்துக்குள் நுழையக் கற்றவன், வெளியேறக் கற்காதவன். அலியா உள்ளே மாட்டிக்கொண்டவள். இரட்டையர் வெளியேறும் வழியைத் தேடுகிறவர்கள். நாவலில் அவர்களும் குழந்தைகள் என்பதால், அலியா தொலைத்த குழந்தைப் பருவம் பக்கத்திலேயே நின்று அவளைப் பார்க்கிறது. தொடரில் இந்த இழை மெலிந்துவிட்டது.

தொடரிடமும் நாவலை மிஞ்சும் இடம் உண்டு. அரியணை இழந்த கரினோ குலத்தின் வென்சீசியா நாவலில் எனக்கு மங்கலாகவே தெரிந்தாள். பரிசாக அனுப்பும் ஆடைகளை அணிந்த இரட்டையர்மீது பாயும்படி புலிகளைப் பழக்குகிறவள் அவள். சூசன் சரண்டன் அந்தப் பாத்திரத்தை ஏற்றதும் மகனை அரியணையில் ஏற்றத் துடிக்கும் அந்தத் தாயின் பேராசைக்கு முகம் வந்துவிட்டது. பிரையன் டைலரின் இசையும் நெஞ்சில் நிற்கிறது. காட்சித் தொழில்நுட்பத்துக்கு எம்மி விருது பெற்ற தொடர் இது. ஆனால் நான் பார்த்தது ஒரே ஒரு முறை, அதுவும் மடிக்கணினியின் சிறு திரையில். அதனால் காட்சிகளுக்கு நான் தீர்ப்புச் சொல்வது சரியல்ல. நாவலை மூன்று முறை படித்தவன் என்ற சாய்வும் எனக்கு இருக்கிறது.

நாவலின் நடுப்பகுதி தொய்வுதான். லீட்டோ பாலைவனத்தில் அலையும் பக்கங்களில் தத்துவம் மூச்சு முட்டும். அங்கே பலர் கைவிடுகிறார்கள். அப்படி நின்றுவிட்டால் தொடரின் மூன்றாம் பகுதியைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம், குற்றமில்லை. தொடரை முதலில் பார்த்தால்தான் சிக்கல். இளைஞன் லீட்டோவின் முகம் மனத்தில் பதிந்துவிடும், பிறகு நாவலின் சிறுவனைக் கற்பனை செய்ய வராது.

என் பிரதியை அவனிடம் கொடுத்தேன். ‘டூன் மெசையா’வைத் தனியாகத் தேடி வாங்கி, முதலில் அதைப் படித்து முடித்தான். போன வாரம் வேலைக்குப் போகும் வழியில் ஃபெர்ரியிலிருந்து செய்தி அனுப்பினான்: “மாமா, அலியாவைக் காப்பாற்ற ஒருவர்கூட இல்லையா?” எந்தப் பக்கத்தில் இருக்கிறாய் என்று மட்டும் கேட்டேன்.