ஸ்டேட்டிக் ஷாக்: மறுபடி பார்த்தேன், இன்னும் பிடிக்கிறது

பேட்மேனை எல்லாருக்கும் தெரியும், வர்ஜில் ஹாக்கின்ஸ் என்றால் யார் அது என்கிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம். 2000 முதல் 2004 வரை வந்த ‘ஸ்டேட்டிக் ஷாக்’ என்ற அமெரிக்க சூப்பர்ஹீரோ அனிமேஷன் தொடரின் 52 பகுதிகளையும் இந்த மாதம் உட்கார்ந்து மறுபடி பார்த்து முடித்தேன். அதன் நாயகன்தான் வர்ஜில்: டகோட்டா என்ற கற்பனை நகரத்தில் பள்ளியில் படிக்கும் கறுப்பின மாணவன், ரசாயன வாயு பட்டு உடம்பில் மின்சக்தி வந்துவிடுகிறது, மடக்கி வைத்துக்கொள்ளக்கூடிய ஓர் உலோகத் தட்டைத் தன் சக்தியால் மிதக்கவிட்டு ஸ்டேட்டிக் என்ற பெயரில் அதன்மேல் நின்றே பறப்பான். சின்ன வயதில் அந்தத் தட்டுதான் கண்ணிலேயே நின்றது.

இப்போது மனதை உலுக்கியது வேறு. முதல் சீசனில் உயிர்நண்பன் ரிச்சியின் வீட்டில் ராத்திரி தங்கப் போகிறான், அங்கே ரிச்சியின் அப்பா நிறவெறியோடு பேசுவது அவன் காதில் விழுகிறது. எந்த வில்லனும் அவனை இப்படிக் காயப்படுத்தவில்லை. அப்புறம், கேலிக்கு ஆளாகும் ஒரு மாணவன் துப்பாக்கியோடு பள்ளிக்கு வரும் பகுதி. குண்டு ரிச்சியின் காலில் பாயும்போது ஸ்டேட்டிக்கின் சக்தி எதற்கும் உதவாது. குழந்தைகள் தொடரில் இதைச் சொல்லத் துணிச்சல் வேண்டும்.

முதல் சீசன் அனிமேஷன் சுமார்தான். சரி, கதைக்காகப் பொறுத்துக்கொள்ளலாம். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளோடு சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள்.