விசிறியா, நேர்வரிசையா?

காட்பாடியில் நண்பர்களுடன் சேர்ந்து, நாங்கள் விரும்பும் சீட்டாட்டம் ஒன்றுக்கு ரசிகர் பதிப்பாக உருவாக்கிவரும் கைப்பேசி விளையாட்டில், கையிலுள்ள சீட்டுகளை விசிறிபோல் விரிப்பதா, நேர்வரிசையில் அடுக்குவதா என்பதே தீராத வழக்கு. விசிறி அழகானது, வேலூரில் மர நிழலில் அமர்ந்து சீட்டுப் பிடிக்கும் கைகளை அப்படியே நினைவூட்டுவது. ஆனால் சாய்ந்த சீட்டில் தமிழ்ப் பெயர் பாதி மறைவதோடு, சிறிய திரையில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் மங்கி, ‘கொடி’ எது, ‘கோடி’ எது என்று கண் தடுமாறுகிறது. ஆண்ட்ராய்டு வழிகாட்டுதல் தொடுபரப்புக்குக் குறைந்தது 48 டிபி (dp, திரையின் புள்ளி அடர்த்தியைச் சாராத அளவு அலகு) கேட்பதால், 360 டிபி அகலத் திரையில் நேர்வரிசை 7 சீட்டுகளையே ஏற்கும். எட்டாவதற்கு விரலால் நகர்த்தியாக வேண்டும். அந்தத் தொல்லையைப் பொறுத்துக்கொண்டு நான் நேர்வரிசையையே தேர்வேன். விசிறி கணினித் திரைக்கு மட்டும் இருக்கட்டும்.