நல்ல கேன், கெட்ட மூக்கு

பெட்ரோல் கேனின் வாஷர் மாற்றியாகிவிட்டது. 60 ரூபாய்தான். மூடிக்குள் உட்காரும் கறுப்பு ரப்பர் வளையம் ஒரு பக்கம் உப்பி, மறுபக்கம் வெடிப்பு விட்டு, எவ்வளவு அழுத்திப் பூட்டினாலும் விளிம்பில் ஈரம் காட்ட ஆரம்பித்திருந்தது. கடைக்காரர் அதை விரலில் மாட்டிச் சுழற்றிப் பார்த்துவிட்டு, "ஏனுங்ணா, எத்தனால் குடிச்சு ஊதிப்போச்சுங்" என்றார். அவர் சொன்னது சரிதான். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். சாதாரண ரப்பர் அதில் ஊறினால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். வாங்கும்போதே எத்தனால் தாங்கும் 'விட்டான்' (Viton) என்ற ரப்பர் வாஷராகக் கேட்டு வாங்கிவிடுவது நல்லது.

என் மாருதி ஜிப்ஸி வண்டியின் முதுகில் வருடக்கணக்காகத் தொங்கும் 20 லிட்டர் இரும்பு ஜெர்ரி கேனுக்கு நான் செய்த பராமரிப்புச் செலவு இவ்வளவுதான். ஒழுகவில்லை. உள்ளே துருவில்லை. வெளியே பெயின்ட் உரிந்த இடங்களில் மட்டும் கொஞ்சம் செம்மண் நிறம். இந்த மாதிரிக் கேன்களின் விலை ஆன்லைனில் இறங்கியிருக்கிறது என்று பார்த்ததும், நல்லதாக நாலு வார்த்தை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் நினைவுக்கு வருவது அதன் மூக்கு. எரிச்சல் வந்துவிடுகிறது.

மூக்கு தனியாகத்தான் விற்கிறார்கள். வளைகிற குழாய் ஒன்று. ஒரு முனையில் கேனின் வாயைக் கவ்வும் பூட்டு, மறுமுனை வண்டி டேங்குக்குள். படத்தில் பார்த்தால் இதில் தப்பு நடக்க என்ன இருக்கிறது என்று தோன்றும். லடாக் போகும் மணாலி–லே சாலையில் பாங் என்று ஓர் இடம். கிட்டத்தட்ட 4,600 மீட்டர் உயரம், கூடாரக் கடைகள், எப்போதும் காற்று. அங்கே நின்று இதை மாட்டிப் பாருங்கள். நிறைந்த கேன் 20 கிலோ வரும்: பெட்ரோல் 15, மீதி இரும்பு. நாலடி நடந்தாலே மூச்சு வாங்குகிற உயரத்தில் அதைத் தூக்கி, டேங்க் வாய்க்கு மேலே பிடித்துச் சாய்க்க வேண்டும். சாய்த்த உடனே கவ்வும் இடத்திலிருந்து ஒரு கோடு பெட்ரோல் இறங்கி, கையுறையை நனைத்து, மணிக்கட்டு வழியாக ஜாக்கெட் கைக்குள் போகும். அடுத்து, கஷாயம் கொடுத்த குழந்தை துப்புகிற மாதிரி கேன் குபுக் குபுக்கென்று துப்பும். மூக்கின் நுனியோ டேங்க் வாய்க்குள் பாதிதான் நுழைகிறது, ஈயமில்லாப் பெட்ரோலுக்கான குறுகலான வாய்க்கு இவர்கள் செய்கிற குழாய் தடிமன். கொஞ்சம் அசைந்தாலும் வெளியே வந்துவிடும். கீழே பனிக்குளிரில் பெட்ரோல் ஈரம், மேலே அணைத்துக் கொஞ்ச நேரமே ஆன இன்ஜின்.

ஏன் துப்புகிறது என்று கேன் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியும். கழுத்தின் உள்ளே சின்னக் குழாய் ஒன்று மேலே போகிறது. பெட்ரோல் வெளியே வர வர, அதன் வழியாகக் காற்று உள்ளே போய்க் கைப்பிடிக்குப் பக்கத்தில் இருக்கும் வெற்றிடத்தை நிரப்ப வேண்டும். கேன் அதைச் சரியாகத்தான் செய்கிறது. மூக்கில்லாமல் வெறும் வாயிலிருந்து ஊற்றினால் சத்தமே இல்லாமல் வழுவழுவென்று வரும். மூக்கை மாட்டினால் அதன் விளிம்பு இந்தக் காற்றுக் குழாயின் வாயை அடைத்துக்கொள்கிறது. அவ்வளவுதான் விஷயம். கேனைச் செய்தவரும் மூக்கைச் செய்தவரும் வாழ்க்கையில் ஒருமுறைகூடச் சந்தித்துக்கொள்ளவில்லை.

கோபம் இதனால்தான் அதிகமாகிறது: கேனின் வடிவம் அப்படியொரு வடிவம். 1930-களின் இறுதியில் ஜெர்மன் ராணுவத்துக்காகச் செய்தது, இன்றுவரை பெரிதாக மாற்ற யாருக்கும் தேவைப்படவில்லை. மேலே மூன்று கைப்பிடிகள் இருப்பது அழகுக்காக இல்லை. நிறைந்த கேனை ஒருவர் நடுப்பிடியில் தூக்கலாம், இருவர் ஆளுக்கொரு ஓரப்பிடியில் தூக்கலாம், காலிக் கேன்களை ஒரே கையில் இரண்டாகக் கோத்துக்கொள்ளலாம். பக்கவாட்டில் அழுத்தியிருக்கும் பெருக்கல்குறிப் பள்ளம், உள்ளே அழுத்தம் ஏறும்போது தகடு கிழியாமல் உப்பி இறங்க இடம் கொடுக்கிறது. வட ஆப்பிரிக்கப் போரில் பிரிட்டிஷ் படை மெல்லிய தகர டின்களில் பெட்ரோல் கொண்டுபோய், வழியெல்லாம் ஒழுகவிட்டு, எதிரியிடம் பிடித்த இந்தக் கேன்களைப் பார்த்துத்தான் அப்படியே காப்பியடித்தது. அதற்கு முன்பே, 1939-இல், பால் ப்ளைஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஒரு ஜெர்மன் நண்பருடன் பெர்லினிலிருந்து இந்தியாவுக்குக் காரில் கிளம்பினார். வழியில் தண்ணீர் வைத்துக்கொள்ள, டெம்பல்ஹோஃப் விமான நிலையத்தில் குவித்து வைத்திருந்த கேன்களில் மூன்றைக் காரில் போட்டுக்கொண்டார்கள். ஆக நம் ஊருக்கு இந்தக் கேன் தரைவழியாகவே வந்திருக்கிறது. லடாக் போகிறவர்கள் இன்று செய்கிற அதே வேலை!

பங்கில் நிரப்பும்போது ஒன்றைக் கவனித்திருக்கிறேன். கேன் கழுத்துவரை வந்ததும், பம்பில் நிற்கும் தம்பி நல்லெண்ணத்தோடு கேனைச் சாய்த்து இன்னும் ஒரு லிட்டர் திணிக்கப் பார்ப்பார். விடக்கூடாது. நிமிர்த்தி வைத்து நிரப்பினால் மேலே ஒரு காற்றிடம் தானாகவே மிஞ்சும்படி கழுத்தைத் தாழ வைத்திருக்கிறார்கள். பெட்ரோல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு விரியும். காலையில் 5 டிகிரியில் நிரப்பிய 20 லிட்டர், மதியம் வெயிலில் இரும்பு சுட்டு 40 டிகிரி ஆனால் அரை லிட்டருக்கு மேல் கூடிவிடும். அந்த அரை லிட்டர் போக இடம் வேண்டாமா?

உயரம் இன்னொரு பக்கம் வேலை காட்டும். மணாலி 2,050 மீட்டர். டங்லாங் லா கணவாய் 5,328. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. கீழே பூட்டிய கேன் மேலே போகப் போகப் பக்கங்கள் வெளியே தள்ளி, தட்டினால் டங் டங் என்னும். திறக்கும்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, பூட்டுக் கம்பியை உருவி, நெம்புகோலை ஒரு மயிரிழை மட்டும் தூக்க வேண்டும். ஸ்ஸ்ஸ் என்று நீளமாக ஒரு சத்தம். அது அடங்கும்வரை பொறுமை. ஒரே தூக்கில் திறந்தால் ஆவியோடு பெட்ரோலும் முகத்துக்கு வரும். இந்த மூடி அமைப்புக்கு மட்டும் நூற்றுக்கு நூறு கொடுப்பேன். திருகுமூடி வைத்த பிளாஸ்டிக் கேன்களில் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது கஷ்டம்.

பிளாஸ்டிக் என்றதும் சட்டமும் ஞாபகம் வருகிறது. 1934-ஆம் ஆண்டுப் பெட்ரோலியம் சட்டம் உரிமம் இல்லாமல் 30 லிட்டர்வரை பெட்ரோல் வைத்துக்கொள்ள அனுமதிக்கிறது. கலம் உலோகமாக இருந்தால் ஒவ்வொன்றும் 25 லிட்டருக்கு மிகக்கூடாது, கண்ணாடி அல்லது பீங்கான் ஜாடி என்றால் ஒரு லிட்டர். பிளாஸ்டிக் அந்தப் பட்டியலிலேயே இல்லை. பாட்டிலோடு போனால் விரட்டும் பங்குகாரர் இரும்புக் கேனைப் பார்த்தால் சில இடங்களில் இறங்கி வருவதும் உண்டு. எப்படியும் கேனை வண்டியிலிருந்து இறக்கித் தரையில் வைத்து, பம்பின் முனை கேன் வாயைத் தொட்டபடியே இருக்க நிரப்பச் சொல்லுங்கள். லடாக்கின் வறண்ட காற்றில் ஜாக்கெட்டைக் கழற்றினாலே நிலைமின்சாரத்தில் படபடவென்று பொறி தெறிக்கும். குளிரில் பெட்ரோல் தீப்பற்றாது என்று ஒரு நம்பிக்கை சுற்றுகிறது. மைனஸ் 40 டிகிரியிலும் தீப்பிடிக்கும் அளவுக்கு அது ஆவி விடும்.

எங்கே மாட்டுவது என்பதில் ஜிப்ஸியில் பெரிய தேர்வு இல்லை. கூரை கேரியரில் போட்டால் 20 கிலோ உச்சியில் ஆடும், ஏற்கெனவே உயரமான, குறுகலான வண்டி. உள்ளே வைக்கும் பேச்சே கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம், தரையோடு தேங்கி நிற்கும். தார்ப்பாய்க் கூரைதானே, காற்றோட்டம் இருக்கும் என்பவர்கள் ஜன்னலை ஏற்றிவிட்டு ஒருநாள் ஓட்டிப் பார்க்கட்டும். தலை வலிக்கும், வாந்தி வரும். அந்த உயரத்தில் அது ஆவியாலா, உயரநோயாலா என்று கண்டுபிடிக்க முடியாது என்பதுதான் பயம். ஆகவே பின்பக்கம், ஸ்டெப்னிக்கு எதிர்ப்புறம், சைலன்சர் வாய்க்கு எட்டாத தூரத்தில் பிராக்கெட். பட்டறையில் வெல்டிங் செய்தபோது கேன் வீட்டில் இருந்தது. அளவு பார்க்கக் கேனைக் கொண்டு போவதென்றால் பெட்ரோலையே பார்க்காத புதுக் கேனைக் கொண்டு போங்கள். காற்றில் ஒன்றரை முதல் ஏழரை சதவீதம்வரை பெட்ரோல் ஆவி இருந்தால் ஒரு பொறி போதும், கிட்டத்தட்டக் காலியான கேனுக்குள் அந்தக் கலவை சுலபமாக அமைந்துவிடும்.

பின்னால் மாட்டினால் யாராவது வந்து இடித்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு என்னிடம் ஒரே பதில்தான்: இடிக்கிற இடத்தில் அதை நிரப்பி வைத்திருக்காதே. கோயம்புத்தூரிலிருந்து மணாலிவரை கேன் பெட்ரோலைப் பார்ப்பதே இல்லை. பின்னால் லாரி ஒட்டிக்கொண்டு வரும் நாற்கரச் சாலையில் 20 லிட்டர் பெட்ரோலைக் கட்டிக்கொண்டு போக என்ன தேவை? ஐம்பது கிலோமீட்டருக்குள் ஒரு பங்க் வருகிறது. மணாலிக்கு அப்பால் 'தாண்டி' என்ற ஊரின் பங்கில், "அடுத்த பெட்ரோல் பங்க் 365 கிலோமீட்டருக்கு அப்பால்" என்ற பலகை முன்னால் எல்லாரும் நின்று படம் எடுக்கும் இடத்தில், நிரப்புகிறேன். டேங்கில் 20 லிட்டருக்கு இடம் வந்ததும் முதல் வேலையாக அதில் ஊற்றிவிடுகிறேன். ரிசர்வ் வரட்டும் என்று காத்திருப்பதில்லை. வண்டியில் பெட்ரோலுக்குப் பத்திரமான இடம் டேங்க்தான். மழைக்காலத்தில் பாதிக் கேனை வீட்டில் விட்டு வைப்பதும் இல்லை. எத்தனால் ஈரத்தை இழுக்கும், அடியில் தண்ணீர் இறங்கும்.

இவ்வளவு யோசித்து, இவ்வளவு பார்த்துச் செய்த பிறகு, கடைசி மூன்று நிமிடத்தில் ஒரு மட்டமான குழாய் எல்லாவற்றையும் கையில் ஊற்றிவிடுகிறது. அதுதான் எரிகிறது. மூக்கு நாலைந்து மாற்றிப் பார்த்தவர்களையும் தெரியும், அவர்கள் ஜாக்கெட்டிலும் அதே வாசனை.

நான் இப்போது மூக்கைத் தொடுவதில்லை. முனையில் செப்புக் குமிழ், அதற்குள் சின்னக் கோலிக்குண்டு வைத்த ஹோஸ் ஒன்று கிடைக்கிறது. கேனை டேங்க் வாயைவிட உயரமாக வைத்து, குமிழை உள்ளே விட்டு நாலைந்து தடவை மேலும் கீழும் ஆட்டினால் பெட்ரோல் தானாக ஏறி ஓட ஆரம்பிக்கும். பிறகு கை வைக்கத் தேவையில்லை. கொஞ்சம் நேரமெடுக்கும், அடியில் ஒரு டம்ளர் மிஞ்சும். பரவாயில்லை. வாயால் உறிஞ்சி இழுக்கும் பழைய வழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். ஒரு மடக்கு நுரையீரலுக்குள் போனால் நிமோனியாவரை கொண்டு போகும், அதுவும் ஆஸ்பத்திரி ஒருநாள் தூரத்தில் இருக்கும் இடத்தில்.

அலுவலகத்தில் ஒரு தம்பி அடுத்த மாதம் ஜிம்னியில் கிளம்புகிறார். "எந்தக் கேன் வாங்கறதுங்ணா?" என்று கேட்டார். ஜிம்னிக்கும் ஜிப்ஸிக்கும் டேங்க் ஒரே 40 லிட்டர்தான். ஆனால் என் ஜிப்ஸி லிட்டருக்குப் பத்தைத் தாண்டினால் அன்று தீபாவளி. ஜிம்னி பன்னிரண்டு, பதின்மூன்று கொடுத்தால்கூட தாண்டியிலிருந்து லேவரை சும்மா போய்விடும். சிக்கல் லேயைத் தாண்டித்தான். லே பக்கத்தில் காரு என்ற ஊரில் நிரப்பிக்கொண்டு ஹான்லே கிராமம், உம்லிங் லா கணவாய் பார்த்துவிட்டுத் திரும்ப காரு வருவதற்குள் 600 கிலோமீட்டரை நெருங்கிவிடும், நான் போன சமயம் நடுவில் பங்க் இல்லை. அந்த ஒரு சுற்றுக்குக் கேன் வேண்டும். இரும்புக் கேனைவிட நல்லது எனக்குத் தெரிந்து இல்லை. இதையெல்லாம் விளக்கமாகச் சொல்லிவிட்டு, "வாங்காதே தம்பி, அந்த மூக்கோடு மல்லுக்கட்டுறதுக்கு லேயிலேயே உட்கார்ந்து டீ குடி" என்று முடித்தேன்.

அவர் விடவில்லை. "அப்போ உங்க கேனையாவது குடுங்ணா." சரி, தருகிறேன். வாஷர் புதுசு, ஹோஸும் கூடவே தருவேன். ஒரு கீறல் விழாமல் கேன் திரும்ப வரவேண்டும். மூக்கையும் பையில் போட்டு வைத்திருக்கிறேன், அது மட்டும் திரும்பி வரக்கூடாது.