போர்ட் லூயிஸ்–டர்பன் ‘க்ரூ தேவை’ விளம்பரம்: பணம் கட்டுமுன் படியுங்கள்

‘45 அடி கட்டமரான் (இரட்டை உடல் பாய்மரப் படகு), மொரீஷியஸின் போர்ட் லூயிஸிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு, மூன்று பேர் தேவை, அனுபவம் அவசியமில்லை’ என்று க்ரூ (படகில் வேலை செய்யும் ஆட்கள்) தேடும் விளம்பரம் மறுபடியும் சுற்றுகிறது. போன வருஷம் இதை நம்பி டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதிப் பையன் ஒருவன் 24,700 ரேண்ட் பறிகொடுத்தான். மொரீஷியஸ் போய்வந்த விமானச் செலவு தனி. படமும் வாசகமும் அப்படியே இருக்கின்றன. ஸ்கிப்பர் (படகுத் தலைவர்) பெயரும் வாட்ஸ்அப் எண்ணும் மட்டும் புதுசு. இன்னொரு பிள்ளை மாட்டுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் இந்தப் பதிவு. பெயர் எதுவும் போடவில்லை. போட்டாலும் அடுத்த மாதம் வேறு பெயரில் வருவார்கள். எப்படி ஏமாற்றுகிறார்கள் என்று தெரிந்துகொள்வதுதான் உபயோகம்.

மாட்டுகிறவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்ல. யாட்மாஸ்டர் ஆஃப்ஷோர் என்ற ஸ்கிப்பர் தகுதித் தேர்வு எழுத 2,500 கடல்மைல், படகில் 50 நாள், 60 கடல்மைலுக்கு மேல் ஐந்து பயணம் என்று கணக்குக் காட்ட வேண்டும். டர்பன் துறைமுகத்துக்கு வெளியே ஞாயிற்றுக்கிழமை போய்த் திரும்பினால் அதை எப்போது எட்டுவது? மொரீஷியஸிலிருந்து டர்பன் வந்தால் ஒரே பயணத்தில் 1,500 கடல்மைலுக்கு மேல் கிடைத்துவிடும். அந்த ஆசையைத்தான் குறிவைக்கிறார்கள்.

அந்தப் பையனிடம் முதல் நாள் பணப்பேச்சே வரவில்லை. எந்தப் பள்ளி, என்ன சாப்பிடுவாய், வாந்தி வருமா என்று அண்ணன் மாதிரி விசாரித்திருக்கிறான், ஸ்கிப்பர் என்று சொல்லிக்கொண்ட அந்த ஆள். இரண்டாம் நாள் ‘க்ரூ லிஸ்ட்’ போடவென்று பாஸ்போர்ட் ஸ்கேன் வாங்கினான். மூன்றாம் நாள், ஊர் திரும்பும் செலவுக்கு முன்பணம் என்று 18,500 ரேண்ட். கட்டிய மறுநாள், இன்ஷூரன்ஸ் என்று 6,200.

இதில் ‘ஊர் திரும்பும் முன்பணம்’ முழுப்பொய் என்று சொல்லிவிட முடியாது. பிடிபடாமல் போவதும் அதனால்தான். படகில் வந்திறங்கும் க்ரூவைத் திருப்பி அனுப்பும் பொறுப்பைப் பல நாடுகளின் குடிநுழைவுத் துறை ஸ்கிப்பர் தலையில்தான் வைக்கிறது. அதனால் நேர்மையான ஸ்கிப்பர்களும் கவலைப்படுவார்கள். ஆனால் அவர்கள் கேட்பது, நீங்கள் உங்கள் பெயரில் வாங்கிய, தேதி மாற்றக்கூடிய விமான டிக்கெட்டைக் காட்டச் சொல்லித்தான். கையில் ரொக்கமாக வாங்குகிறவர்களும் உண்டு. அப்போதும் படகில் வைத்து, ரசீது எழுதி, இறங்கும் நாளில் திருப்பித் தருவார்கள். நீங்கள் படகில் கால் வைக்குமுன்னே ஒரு கணக்குக்கு அனுப்பச் சொன்னால் அங்கேயே பேச்சை நிறுத்துங்கள்.

இனி அந்தப் படம். ‘நேற்று போர்ட் லூயிஸில் எடுத்தது’ என்று அனுப்பியது. படகின் பின்பக்கத்திலிருந்து எடுத்திருக்கிறார்கள். வெளிநாட்டுத் துறைமுகத்துக்குப் போகும் படகு, அந்த நாட்டுக்கு மரியாதையாக அதன் கொடியைச் சின்னதாகப் பாய்மரத்தின் வலப்பக்கக் குறுக்குக் கம்பியில் ஏற்றும். மொரீஷியஸில் நின்றால் சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை என்று நாலு பட்டை தெரிய வேண்டும். இந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் அந்த இடத்தில் நீலமும் வெள்ளையும் மாறி மாறி வருகிறது: கிரேக்கக் கொடி. யாரோ கிரீஸில் விற்பனைக்குப் போட்ட படகின் படம். பையன் அந்தப் படத்தைப் பத்துத் தடவையாவது பார்த்திருப்பான். கொடியைப் பார்க்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

சான்றிதழ் என்று அனுப்பிய தாளும் அப்படித்தான். தென்னாப்பிரிக்கப் பதிவு என்று போட்டிருந்தது, ஆனால் அதிலிருந்த எம்.எம்.எஸ்.ஐ. எண் 227-இல் தொடங்கியது. படகின் ரேடியோவுக்குக் கொடுக்கும் ஒன்பது இலக்க எண் அது. முதல் மூன்று இலக்கம் நாட்டைச் சொல்லும்: தென்னாப்பிரிக்கா 601, மொரீஷியஸ் 645, பிரான்ஸ் 226 முதல் 228 வரை. தாளில் ஒரு நாடு, எண்ணில் இன்னொரு நாடு. போதாததற்கு, தாளில் ‘சி’ வகை என்றிருந்தது. சாம்சா (தென்னாப்பிரிக்கக் கடல் பாதுகாப்பு ஆணையம்) விதிப்படி ‘சி’ என்றால் கரையிலிருந்து 15 கடல்மைலுக்குள், ‘பி’ 40-க்குள், தூர வரம்பில்லாதது ‘ஏ’ மட்டும். ‘சி’ சான்றிதழை வைத்துக்கொண்டு எவனும் இந்தியப் பெருங்கடலைக் கடக்க முடியாது.

ஆகவே ஸ்கிப்பரிடம் முதலில் கேட்க வேண்டியது படம் அல்ல. படகின் பெயர், பதிவு எண், எம்.எம்.எஸ்.ஐ. எண், ஸ்கிப்பரின் தகுதிச் சான்றிதழ். தென்னாப்பிரிக்காவில் 9 மீட்டருக்கு மேற்பட்ட பாய்மரப் படகை ஓட்ட அந்தச் சான்றிதழ் கட்டாயம். எம்.எம்.எஸ்.ஐ. எண்ணை ஏ.ஐ.எஸ். வரைபடத்தில் (படகுகள் ரேடியோவில் அனுப்பும் இருப்பிடத்தைக் காட்டும் இணைய வரைபடம்) போட்டால் படகு கடைசியாக எங்கே தென்பட்டது என்று வரும். நடுக்கடலில் சின்னப் படகின் சிக்னல் கரைக்கு எட்டாது; அதனால் சில நாள் காணாமல் போவது சகஜம். துறைமுகத்தில் வாரக்கணக்கில் நிற்பதாகச் சொல்லும் படகு ஒரு தடவைகூடத் தெரியவில்லை என்றால், சொல்வதை நம்பாமல் மரினா (படகுகள் நிறுத்துமிடம்) ஆபீசுக்கே போன் போட்டு அந்தப் பெயரில் படகு நிற்கிறதா என்று கேளுங்கள். இரண்டு நிமிஷ வேலை. பிறகு வீடியோ கால்: ஸ்கிப்பர் படகுக்குள் நடந்தபடியே எஞ்சினையும், சுக்கானையும், பின்பக்கம் எழுதிய பெயரையும் காட்ட வேண்டும். நெட்வொர்க் சரியில்லை என்று மூன்று தடவை சொன்னால் படகு இல்லை என்று அர்த்தம்.

பருவத்தையும் பாருங்கள். மொரீஷியஸ், ரீயூனியன் பக்கம் நவம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் வரை புயல் காலம். இந்தப் பக்கம் வரும் படகுகள் அக்டோபரிலோ நவம்பர் தொடக்கத்திலோ கிளம்பி ரிச்சர்ட்ஸ் பே அல்லது டர்பன் வந்து சேர்ந்துவிடும். ஜனவரியில் போர்ட் லூயிஸிலிருந்து புறப்பாடு என்று விளம்பரம் வந்தால், ஒன்று அது பொய், இல்லை அந்த ஸ்கிப்பரோடு போகவே கூடாது.

படகு நிஜமாக இருந்தும் ஏமாந்தவர்கள் உண்டு. எங்கள் மனதை அதிகம் உறுத்துவது அதுதான், ஏனென்றால் அங்கே போவது பணம் மட்டுமல்ல. டர்பனிலிருந்து கேப் டவுன் போக இடம் தருகிறேன் என்று ஒருவர் இரண்டு பேரை ஏற்றினார். உணவுச் செலவு போக, தலைக்கு நாள் ஒன்றுக்கு 900 ரேண்ட். அப்படி லாபத்துக்கு ஆள் ஏற்றினால் அது உல்லாசப் படகு அல்ல, வாடகைப் படகு. அதற்கு வேறு உரிமம் வேண்டும். அவரிடம் அது இல்லை. உணவு, சமையல் கேஸ், டீசல், துறைமுகக் கட்டணத்தைப் பங்கு போடுவதுதான் முறை, அதையும் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த ஆளுக்குக் கேப் டவுனில் படகை ஒப்படைக்கும் தேதி நெருங்கிவிட்டது. பாரோமீட்டர் இறங்கிக்கொண்டிருக்கும்போதே, அதாவது மோசமான வானிலை வரும் அறிகுறி தெரிந்தும், கிளம்பிவிட்டார். இந்தக் கரையில் அகுல்யாஸ் நீரோட்டம் தென்மேற்கு நோக்கி 4, 5 நாட் (மணிக்கு அத்தனை கடல்மைல்) வேகம்வரை ஓடும். தென்மேற்குக் காற்று அதற்கு எதிராக அடித்தால் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும்பும், முன்னால் பள்ளம் விழும். கப்பல்களையே உடைத்த இடம் இது. டர்பனிலிருந்து ஈஸ்ட் லண்டன் ஏறக்குறைய 250 கடல்மைல். நடுவே ஒதுங்க ஒரு துறைமுகம் கிடையாது. படகு 6 நாட், நீரோட்டம் 3 நாட் என்று வைத்தாலும் 28 மணி நேரம். ஆக, தென்மேற்கு அடித்து ஓய்ந்து, பாரோமீட்டர் ஏறி நின்று, வடகிழக்கு தொடங்கும்போது கிளம்பி, அடுத்த தென்மேற்கு வருமுன் ஈஸ்ட் லண்டனுக்குள் நுழைய வேண்டும். எந்த ஸ்கிப்பரிடமும் இதைக் கேளுங்கள்: “வழியில் தென்மேற்கு பிடித்துக்கொண்டால் என்ன செய்வீர்கள்?” கடல் 200 மீட்டர் ஆழமாகிற கோட்டுக்கு உள்ளே, கரைப் பக்கம் வந்துவிடுவேன் என்று உடனே பதில் வர வேண்டும். அங்கே நீரோட்டம் குறைவு, அலையும் அடங்கும். ‘பார்த்துக்கலாம் தம்பி’ என்று சொன்னால் மூட்டையை எடுத்துக்கொண்டு இறங்குங்கள். அந்த இருவரும் உயிரோடு ஈஸ்ட் லண்டனில் இறங்கினார்கள். பணத்தைத் திருப்பித் தர அவர் மறுத்துவிட்டார்.

ஏறுமுன் படகைப் பார்க்க ஒரு மணி நேரம் கேளுங்கள். தரமாட்டேன் என்கிறவர் படகில் ஏதோ கோளாறு. தரைப்பலகையைத் தூக்கி, கீல் (படகைக் கவிழாமல் வைக்கும் அடிப்பாகம்) இணையும் போல்ட்டுகளைச் சுற்றித் துருக்கறையோ புது விரிசலோ இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். 2005 செப்டம்பரில் மொரீஷியஸ்–டர்பன் போட்டியில் வந்த மொக்கினி என்ற படகு ஆறு பேரோடு காணாமல் போனது. மாதங்கள் கழித்து, 2006 தொடக்கத்தில், கவிழ்ந்த உடல் மட்டும் கிடைத்தது, கீல் இல்லை. போட்டிக்கு வந்த படகுக்கே அந்தக் கதி. உயிர்காப்புத் தெப்பத்தில் அடுத்த சர்வீஸ் தேதி ஒட்டியிருக்கும், படியுங்கள். ஈபெர்ப் (ஆபத்தில் அமுக்கினால் மீட்புக்காரர்களுக்குச் சிக்னல் அனுப்பும்) கருவியின் பாட்டரி தேதியோடு, அது எந்தப் படகின் பெயரில் பதிவாகியிருக்கிறது என்றும் கேளுங்கள். கைமாறிய படகுகளில் பழைய முதலாளியின் பெயரே கிடக்கும். ஆபத்தில் அமுக்கினால் மீட்புக்காரர்கள் அவர் வீட்டுக்குப் போன் அடித்து நேரம் போகும். லைஃப் ஜாக்கெட்டின் வாயுக் குப்பியைத் திருகிக் கழற்றி சமையலறைத் தராசில் வையுங்கள். குப்பியில் குறைந்தபட்ச எடை அச்சிட்டிருக்கும். அதற்குக் குறைந்தால் அது காலி. துருப்பிடித்திருந்தாலும் வேண்டாம். தண்ணீர் ஆளுக்கு நாளைக்கு 4 லிட்டர் வீதம் கணக்கிட்டு, பாதி அளவு கூடுதலாக. கடல்நீரைக் குடிநீராக்கும் மெஷினை மட்டும் நம்பிப் புறப்படக்கூடாது.

தங்கச்சிகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ‘பெண்கள் மட்டும், 30-க்குள்’ என்று வரும் விளம்பரத்தைத் திறக்கவே வேண்டாம். மற்ற படகுகளிலும், முன்பு அதில் போன பெண் ஒருவரிடமாவது போனில் பேசாமல் ஏறாதீர்கள். உள்ளே தாழ்ப்பாள் போடும் தனி அறை, முதலில் ஒருநாள் கரையோரப் பயணம், பிறகுதான் பெருங்கடல். இதைக் கேட்டதற்கு முகம் சுளிக்கிற ஸ்கிப்பர் நடுக்கடலில் எப்படி இருப்பார் என்று யோசியுங்கள்.

பெரிய சொகுசுப் படகில் சம்பள வேலை என்று ஏஜெண்ட் பணம் கேட்டால் அது சட்டவிரோதம். 2006 கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையில் தென்னாப்பிரிக்கா 2013-இல் சேர்ந்தது. அதன்படி ஆள்சேர்ப்புக்குத் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக்கூடாது. மருத்துவச் சான்றிதழ், கடலோடிப் புத்தகம், பாஸ்போர்ட் செலவு உங்களுடையது; விசா செலவுகூட முதலாளியுடையது.

வேறு ஒரு ஆபத்தும் உண்டு. 2017 ஆகஸ்டில் பிரேசிலிலிருந்து வந்த ஒரு பாய்மரப் படகில், கேப் வெர்டேயின் மிந்தேலோ துறைமுகத்தில், ஒரு டன்னுக்கு மேல் கொக்கேன் பிடிபட்டது. படகை ஒப்படைக்கும் வேலைக்கு இணையத்தில் விண்ணப்பித்துப் போன மூன்று பிரேசில்காரர்களுக்குப் பத்து வருஷத் தண்டனை. பிறகு அந்தத் தீர்ப்பு ரத்தாகி வெளியே வந்தார்கள், ஆனால் அதற்குள் ஒரு வருஷத்துக்கு மேல் சிறையில் போய்விட்டது. முதலாளி யார், எங்கே ரிப்பேர் செய்தது, ஏன் இந்த வழி என்று கேட்காமல் தென் அமெரிக்காவிலிருந்து வரும் எந்தப் படகிலும் ஏறாதீர்கள். உங்கள் பையை நீங்களே கட்டி, நீங்களே தூக்குங்கள்.

பாஸ்போர்ட் துறைமுகச் சோதனைக்கு ஸ்கிப்பர் கையில் போகலாம், அன்று மாலைக்குள் உங்கள் பைக்குத் திரும்ப வேண்டும். படகை விட்டு இறங்கும்போது குடிநுழைவு ஆபீசில் க்ரூ லிஸ்டிலிருந்து உங்கள் பெயரை எடுக்கச் சொல்லி, முத்திரை வாங்காமல் விமான நிலையம் போகாதீர்கள்.

ஏற்கெனவே பணம் அனுப்பிவிட்டீர்களா? வெட்கப்பட்டு ஒரு நாளைக் கடத்தாதீர்கள். முதல் போன் வங்கியின் மோசடிப் பிரிவுக்கு, அதே மணி நேரத்தில். பணம் அந்தக் கணக்கில் கிடக்கும்வரைதான் முடக்க முடியும். வாட்ஸ்அப் பேச்சை அழிக்காமல் முழுவதும் எக்ஸ்போர்ட் செய்து, எண், கணக்கு விவரத்தோடு போலீஸ் நிலையத்தில் கொடுத்து வழக்கு எண் வாங்குங்கள். வங்கி அதைக் கேட்கும். பாஸ்போர்ட் ஸ்கேன் போயிருந்தால், உங்கள் பெயரில் கடன் வாங்காமல் இருக்க தென்னாப்பிரிக்க மோசடித் தடுப்புச் சேவையில் பாதுகாப்புப் பதிவு போடுங்கள், இலவசம். அந்தப் பையன் பத்து நாள் அம்மாவிடம்கூடச் சொல்லாமல் இருந்தான். வங்கி பார்த்தபோது அந்தக் கணக்கில் 40 ரேண்ட் இருந்தது.