குளிக்கப் போகும்போது: பழைய சுடிதாரா, முழுக்கை நீச்சலுடையா?

நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண்கள் தண்ணீரில் இறங்க எதை உடுத்துவது என்று தருமபுரிப் பக்கம் கேட்டால், பாதிப்பேர் பழைய பருத்திச் சுடிதார் என்பார்கள். ஒகேனக்கல்லில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியில் நின்று குளிக்க அது போதும். கறை பட்டாலும் கவலையில்லை. துப்பட்டாவை மட்டும் கரையிலேயே வைத்துவிடுங்கள்.

நீச்சல் குளம் என்றால் கதையே வேறு. பருத்தி தண்ணீரை உறிஞ்சிக் கனக்கும். டாப் மிதந்து மார்புவரை ஏறும், பேன்ட் காலைச் சுற்றும். குளத்தைவிட்டு மேலே ஏறியதும் உடம்போடு ஒட்டிக்கொண்டு, எதை மறைக்க நினைத்தோமோ அதையே காட்டும். பல குளங்களில் அனுமதியும் இல்லை.

அங்கே முழுக்கையும் கணுக்கால்வரை பேன்ட்டும் சின்னப் பாவாடையும் வைத்த நீச்சலுடைதான் என் தேர்வு. கனக்காது, சீக்கிரம் காயும், தொடை உரசிப் புண்ணாகாது. வாங்கும்போது போட்டுப் பார்த்து, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்குங்கள், அப்புறம் குனிந்து உட்காருங்கள். அக்குளில் இழுத்தாலோ வயிற்றில் இறுக்கினாலோ அடுத்த சைஸ் கேளுங்கள். மாதவிடாய் நிற்கும் வயதில் இடுப்பில் சதை போடுவது இயல்பு, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதை அமுக்கவென்று சின்ன சைஸ் எடுத்தால் மூச்சுவிடவே சிரமம்.

விலை சுடிதாரைவிடக் கூடத்தான். குளத்துக் குளோரினில், துணிக்கு இழுவை தரும் ஸ்பான்டெக்ஸ் நூல் தளரும், பாலியஸ்டர் அதிகம் கலந்தது கூடுதல் நாள் தாங்கும். குளித்ததும் நல்ல தண்ணீரில் அலசி, பிழியாமல் நிழலில் உலர்த்துங்கள்.