நோபடியை விரட்டிய டிஎன்எஸ் வரி

எங்கள் வீடியோ எடிட்டிங் அலுவலகத்தில் 14 லினக்ஸ் மெஷின்கள், ஒரு ஃபைல் சர்வர். இதையெல்லாம் பார்த்துக்கொள்ள நான் ஒருவன்தான். கெர்பரோஸ் (பயனர் யாரென்று சரிபார்க்கும் முறை) போட்டு என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியாக ஃபைல்களைப் பகிரும் முறை) பதிப்பு 4-க்கு மாறிய மறுநாள் காலையிலேயே ஒரு எடிட்டர் கூப்பிட்டார்: "அண்ணா, என் ப்ராஜெக்ட் எல்லாம் நோபடின்னு யாரோ பேர்ல இருக்கு!"

போய்ப் பார்த்தேன். ஃபைல் திறக்கிறது, சேமிக்கவும் முடிகிறது. உரிமையாளர் பெயர் மட்டும் நோபடி, அதாவது யாரென்று தெரியாதவருக்கு லினக்ஸ் காட்டும் பெயர். உரிமையாளரை மாற்றும் சோவ்ன் கட்டளையைக் கொடுத்தால் இன்வேலிட் ஆர்க்யுமென்ட் என்று திட்டுகிறது.

பதிப்பு 4-ல் உரிமையாளர் விவரம் 'பெயர்@டொமைன்' என்ற வடிவில் போகும். சர்வரும் கிளையன்டும் ஒரே டொமைனைச் சொன்னால்தான் பெயர் பொருந்தும். சர்வரில் தாய் டொமைனை எழுதியிருந்தேன். எடிட்டிங் மெஷின்கள் ஒரு சப்டொமைனிலும் கணக்குப் பிரிவு வேறொன்றிலும் இருந்ததால், அவை தத்தம் டொமைனையே எடுத்துக்கொண்டன.

ஒவ்வொரு மெஷினாகப் போய் இந்தப் பெயர்ப் பொருத்தத்துக்கான ஐடிமேப்டி கான்ஃபிக் ஃபைலைத் திருத்தலாம். நான் அதற்குச் சோம்பேறி. முன்பு சோலாரிஸ் 10 என்ற இயங்குதளத்தில் பார்த்த ஒரு வசதி இப்போது லினக்ஸின் என்எஃப்எஸ் கருவித் தொகுப்பான என்எஃப்எஸ்-யுட்டில்ஸிலும் இருக்கிறது. டிஎன்எஸ் (நெட்வொர்க்கின் பெயர்ப் பதிவேடு) ஸோனில், அதாவது அதில் ஒரு டொமைனுக்கான பகுதியில், அடிக்கோட்டில் தொடங்கும் 'என்எஃப்எஸ்வி4ஐடிமேப்டொமைன்' என்ற பெயரில் ஒரு டெக்ஸ்ட் ரெக்கார்டு, அதன் மதிப்பாகத் தாய் டொமைன். இரண்டு ஸோனுக்கும் ஒவ்வொரு வரி. அவ்வளவுதான். என்எஃப்எஸ்ஐடிமேப் கட்டளையை மைனஸ் சி போட்டு ஓட்டிப் பழைய கேஷை (தற்காலிகமாகச் சேமித்திருந்த பெயர்களை) துடைத்ததும் 9 மெஷின்களில் பெயர்கள் ஒழுங்காக வந்துவிட்டன. துடைக்காவிட்டாலும் பத்து நிமிடத்தில் தானாகவே காலாவதியாகியிருக்கும், எனக்குத்தான் பொறுமை இல்லை.

மீதி 5 மெஷின்கள்தான் அரை நாளைத் தின்றன. மூன்றில், எனக்கு முன்னால் இருந்தவர் கான்ஃபிக் ஃபைலில் 'டொமைன் = லோக்கல்டொமைன்' என்ற வரியின் முன்னிருந்து அதைச் செயல்படாமல் வைத்திருந்த ஹாஷ் குறியை எடுத்துவிட்டிருந்தார். அந்த வரி இருந்தால் டிஎன்எஸ் பக்கம் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. மற்ற இரண்டிலும் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் 127.0.1.1 என்ற தன் முகவரிக்கு நேராக டொமைன் இல்லாத வெறும் மெஷின் பெயர். மெஷினுக்கே தன் முழுப் பெயர் தெரியாதபோது எந்த ஸோனில் போய்க் கேட்கும்? அதே என்எஃப்எஸ்ஐடிமேப் கட்டளைக்கு மைனஸ் டி போட்டால் எந்த டொமைன் என்று காட்டிவிடும். அதை முதலிலேயே ஓட்டிப் பார்த்திருந்தால் மதியச் சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிட்டிருப்பேன்.

இந்த டிஎன்எஸ் வசதிக்கு ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். எது ஜெயித்தது, கான்ஃபிக்கா டிஎன்எஸ்ஸா என்று தானாகச் சொல்லாமல் மௌனமாக இருப்பதற்காக ஒரு மதிப்பெண் குறைத்தேன். புதிதாக மெஷின் சேர்க்கும்போது எதையும் தொட வேண்டியதில்லை என்பது பெரிய நிம்மதி.

கெர்பரோஸ் இல்லாமல் மெஷின் சொல்லும் பயனர் எண்ணை அப்படியே நம்பும் சாதாரண சிஸ் முறையில் ஓட்டுபவர்கள் இதற்கு மெனக்கெட வேண்டாம். அங்கே லினக்ஸ் இயல்பாகவே யூஐடி (பயனர்) எண்களைத்தான் அனுப்புகிறது. மெஷினுக்கு மெஷின் அந்த எண்கள் வேறாக இருந்தால் இந்த ரெக்கார்டு ஒன்றும் செய்யாது. அதற்கு எல்டிஏபி (பயனர் கணக்குகளை ஒரே இடத்தில் வைக்கும் முறை) பக்கம்தான் போக வேண்டும்.