சேலத்தில் பழைய ஃபிளாஷ் வாங்குவோர் கவனத்திற்கு: என் 6,800 ரூபாய் போன கதை

நேற்று மாலை அந்தக் கடைக்காரர் நான் அழைக்க முடியாதபடி தம் கைபேசியில் என் எண்ணையே தடுத்துவிட்டார் என்று தெரிந்ததும், அந்தக் கோபம் ஆறுவதற்குள் இதை எழுதுகிறேன். திருமணப் புகைப்படக்காரர்கள் கழித்துவிடும் கேமரா, லென்ஸ், ஃபிளாஷ் ஆகியவற்றை வாங்கி விற்கும் கடை அது. பெயரைச் சொல்லப் போவதில்லை. அங்கே 6,800 ரூபாய் கொடுத்து ஒரு ஃபிளாஷ் வாங்கினேன்.

வீட்டில் நீர்த்துளிகளைப் படம் எடுப்பதற்காகவே அதை வாங்கினேன். மருந்துக் கடையில் கிடைக்கும், குளுக்கோஸ் ஏற்றும் குழாயான டிரிப் செட்டிலிருந்து துளி சொட்ட வேண்டும். கீழே நீர் நிரப்பிய தாம்பாளம், பின்னால் ஒரு வண்ண சார்ட் அட்டை, இருட்டான அறை, இவை போதும். துளியை அசையாமல் பிடித்து நிறுத்துவது ஷட்டர் அன்று, ஃபிளாஷ் மின்னும் நேரமே. 30 செ.மீ. உயரத்திலிருந்து விழும் துளி நீரைத் தொடும்போது நொடிக்குச் சுமார் 2.4 மீட்டர் வேகத்தில் இருப்பதால், ஷட்டர் திறந்திருக்கும் 1/200 நொடியில் அது 12 மி.மீ. நகர்ந்துவிடும், ஆனால் ஃபிளாஷின் திறனை 1/64 அளவுக்குக் குறைத்தால் பல ஃபிளாஷ்களில் மின்னும் நேரம் 1/20,000 நொடியை ஒட்டி வருவதால், துளியின் விளிம்பு கூர்மையாகப் பதியும். ஆகவே திறனைக் குறைக்கும் வசதி வேலை செய்கிறதா என்பதே நான் கடையில் கேட்ட முதல் கேள்வி.

"அதெல்லாம் பக்காவா வேலை செய்யுங்க சார், நானே இதுலதான் துளி எடுத்துட்டு இருந்தேன்" என்றார். தேநீர் வரவழைத்தார். பிறகு தம் கைபேசியில், சிவப்புப் பின்னணியில் பால்துளி கிரீடம்போல் எழும்பி நிற்கும் படமொன்றைக் காட்டி, இதே ஃபிளாஷில் எடுத்தது என்றார். துளிப் படமெடுப்பவர் என்னை ஏமாற்ற மாட்டார் என்று அந்த இடத்தில்தான் நம்பினேன். அது அமெரிக்காவின் ஹரால்ட் எட்ஜர்டன் 1957-இல் எடுத்த உலகறிந்த படம் என்பது பின்னர்த்தான் தெரிந்தது. என் கேமராவில் பொருத்தி ஒருமுறை மின்ன வைத்துக் காட்டினார். வெளிச்சம் வந்தது, பணம் கைமாறியது.

வீட்டில் ஒவ்வொரு துளியும் வால் முளைத்ததுபோல் இழுபட்டே பதிந்தது. சந்தேகப்பட்டு, கேமராவின் மற்ற அளவுகளை மாற்றாமல் வெள்ளைச் சுவரை முழுத் திறனிலும் 1/64 திறனிலும் எடுத்துப் பார்த்தேன். ஆறு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது) இருண்டிருக்க வேண்டிய இரண்டாவது படம், முதல் படத்தைப் போலவே வெளுத்திருந்தது. திரையில் எண் மட்டும் மாறுகிறது. உள்ளே எப்போதும் முழுத் திறனே வெடிக்கிறது. வேறொரு பழுதுபார்ப்பவர் பிரித்துப் பார்த்து, மின்னோட்டத்தை இடையில் துண்டிக்கும் பாகம் எரிந்திருப்பதாகவும், அங்கே முன்பே யாரோ பற்றவைத்த தடம் இருப்பதாகவும் காட்டினார்.

கடைக்காரரிடம் சொன்னபோது முதலில் பேட்டரி சரியில்லை என்றார். புது பேட்டரியோடு போனபோது என் கேமராவில்தான் கோளாறு என்றார். அடுத்த முறை, "ஏற்காடு எடுத்துட்டுப் போனீங்களா சார்? பனி எறங்கியிருக்கும்" என்றார். அந்த ஃபிளாஷ் அம்மாப்பேட்டையில் என் வீட்டைத் தாண்டியதே இல்லை! பிறகு முதலாளியைக் கேட்க வேண்டும் என்றார்; அதுவரை அவரேதான் முதலாளி. 6,800 ரூபாயில் ஒரு பகுதியையாவது கொடுங்கள் என்றதற்கு, அவர் எழுதித் தந்த துண்டுச் சீட்டின் அடியில் இருந்த 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்ற வரியை எனக்கே படித்துக் காட்டினார்.

வாங்குவோருக்கு விரிவாகவே எழுத நினைத்திருந்தேன். இப்போதைக்குப் பொறுமை இவ்வளவுதான். கடையிலேயே முழுத் திறனிலும் குறைந்த திறனிலும் சுவரைப் படமெடுத்து ஒப்பிடுங்கள். குறைந்த திறனில் மின்னிய பிறகும் மறுபடி தயாராகப் பல நொடிகள் எடுத்தால் வாங்காதீர்கள். துண்டுச் சீட்டை ஏற்காமல் முறையான பில் கேளுங்கள். பில் தர மறுப்பதும், காலக்கெடு எதுவும் குறிப்பிடாத நிலையில் குறையுள்ள பொருளை 30 நாட்களுக்குள் திரும்பப் பெற மறுப்பதும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். 6,800 ரூபாய் இன்னும் வரவில்லை.